ஒண்ட வந்த பிடாரி: கம்பைலரின் இன்லைன் வசதிக்கு மூன்று நட்சத்திரங்கள்

இரண்டு இரவுகள் எங்கே போயின என்று எனக்கு நானே கணக்குக் காட்டிக்கொள்ளத்தான் இந்த மதிப்புரை.

மதிப்பிடப்படும் பொருள், சி மற்றும் சி++ மொழிகளில் எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குள் உட்கார்ந்திருக்கும் இன்லைன் வசதி. தனியாக விற்கப்படுவதில்லை, தனிப் பெட்டியில் வருவதில்லை. 'ஓ2', 'ஓ3' என்று, நிரலை எவ்வளவு வேகப்படுத்தவேண்டும் என்ற உகப்பாக்க நிலையைக் குறிப்பிட்டுக் கட்டளை கொடுத்தால், கூப்பிடாமலேயே வந்து வேலையைத் தொடங்கிவிடும். நான் பயன்படுத்தும் கம்பைலர் யாருடையது என்று சொல்லப்போவதில்லை. பத்து ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது, பெயர் சொல்லித் திட்ட மனம் வரவில்லை. தவிர, கீழே சொல்லப்போகும் குணம் அதற்கு மட்டும் உரியதும் இல்லை.

இந்த வசதியின் வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரிட்ட ஒரு நிரல் துண்டு, இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில், அந்த அழைப்பை நீக்கிவிட்டு, அழைக்கப்படுவதன் உடலையே பிரதி எடுத்து அங்கே ஒட்டிவிடும். போய்வரும் செலவு மிச்சம். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. உண்மையில் போய்வரும் செலவு இன்றைய பிராசசர்களில் சில கடிகாரத் துடிப்புகள்தான். பெரிய லாபம் அதற்குப் பிறகு வருகிறது. உடல் உள்ளே வந்ததும் கம்பைலருக்குக் கண் திறந்துவிடுகிறது. இந்த அழைப்பில் இந்த மதிப்பு எப்போதும் 2 தான் என்று தெரிகிறது, உடனே பெருக்கலை நகர்த்தலாக மாற்றுகிறது. இந்த 'இஃப்' ஒருபோதும் உண்மையாகாது என்று தெரிகிறது, கிளையையே வெட்டி எறிகிறது. லூப்புக்குள் அழைப்பு இல்லை என்று ஆனதும், நான்கு எட்டு எண்களை ஒரே அடியில் கணக்கிடும் வெக்டர் கட்டளைகளுக்கு மாறுகிறது.

வரிசைப்படுத்தும் நூலக ஃபங்ஷன்களான சி மொழியின் கியூசார்ட்டையும் சி++ மொழியின் சார்ட்டையும் ஒரே வரிசையின்மேல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்னதில் ஒப்பிடும் ஃபங்ஷன் ஒரு முகவரியாகப் போகிறது. நூலகத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும் கியூசார்ட்டுக்கு அது என்ன செய்யும் என்று தெரியாது, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அழைத்தே தீரவேண்டும். பின்னதில் ஒப்பீடு உள்ளே கரைந்து ஒற்றைக் கட்டளையாகிவிடுகிறது. முழு எண்களை வரிசைப்படுத்தும்போது வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆகவே இந்த வசதியையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஆத்திரத்தில் ஒருமுறை முழுதாக அணைத்துப் பார்த்தேன். நிரல் நொண்டியது. மறுபேச்சில்லாமல் திரும்பப் போட்டுவிட்டேன்.

அப்படியிருக்க மீதி இரண்டு நட்சத்திரங்கள் எங்கே?

நான் பராமரிக்கும் நிரல் பெரிய பதிவுக் கோப்புகளைப் படித்து, வரி வரியாகப் பிரித்து, கணக்கெடுக்கும். கோப்பைப் பைட் பைட்டாகப் படிக்கும் ஒரு குட்டி ஃபங்ஷன் அதன் அடிவயிற்றில் இருக்கிறது. அதை இங்கே 'அடுத்தபைட்' என்று அழைக்கிறேன். தாங்கல் நினைவகத்தில் இன்னும் பைட் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுட்டியை ஒன்று நகர்த்தும். தீர்ந்துவிட்டால் 'நிரப்பு' என்ற இன்னொரு ஃபங்ஷனை அழைத்து, கோப்பிலிருந்து 64 கேபி வாங்கி வைத்துக்கொண்டு, மீண்டும் மேலே வந்து பார்க்கும். இந்த 'நிரப்பு' கொஞ்சம் பேச்சுக்காரன். படிப்பதில் பிழை வந்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது பைட், என்ன பிழை என்று 1,024 பைட் தாங்கலில் ஒரு செய்தியைக் கட்டி எழுதுவான்.

1 ஜிபி சோதனைக் கோப்பில் 'நிரப்பு' எத்தனை முறை அழைக்கப்படும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 16,384 முறை. 'அடுத்தபைட்' எத்தனை முறை? 107 கோடிக்கும் மேல். ஒன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி, மற்றது நிமிடத்துக்கு நிமிடம் வாசலைத் தாண்டும் வீட்டுக்காரர்.

ஒரு நாள் அந்தச் சோதனை 6.2 விநாடியிலிருந்து 8.9 விநாடிக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் கம்பைலரின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தேன். குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிய பதிப்பின் மாற்றக் குறிப்புகளை வரிவரியாகப் படித்தேன். இன்லைன் பற்றி எது எழுதியிருந்தாலும் அதன்மேல் பாய்ந்தேன். நள்ளிரவு தாண்டியபின்தான் செய்திருக்கவேண்டிய முதல் காரியத்தைச் செய்தேன்: பழைய கம்பைலரை மீண்டும் நிறுவி ஓட்டினேன். 8.9 விநாடி. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

முதல் இரவு அப்படிப் போயிற்று.

அடுத்த நாள் நிரலின் மாற்ற வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதே வாரத்தில் ஒரு பதிவு, விளக்கம் 'சுத்தம் செய்தேன், செயல்பாட்டில் மாற்றமில்லை'. எழுதியவர் நான். 'நிரப்பு' அதுவரை வேறொரு கோப்பில் இருந்தது. அதை ஒரே ஒரு இடத்திலிருந்துதான் அழைக்கிறோம், எதற்கு வெளியில் திறந்து கிடக்கவேண்டும் என்று, 'அடுத்தபைட்' இருக்கும் கோப்புக்கே கொண்டுவந்து, 'ஸ்டாட்டிக்' என்று, அதாவது இந்தக் கோப்புக்கு வெளியே தெரியாது என்று, முத்திரையும் குத்தியிருந்தேன். எந்தக் குறியீட்டுப் பரிசோதகரும் பாராட்டும் நேர்த்தியான மாற்றம்.

கம்பைலர் அதை எப்படிப் பார்த்தது? ஒரு ஃபங்ஷன் ஸ்டாட்டிக்காக இருந்து, ஒரே இடத்திலிருந்து மட்டும் அழைக்கப்பட்டால், அதை உள்ளே இழுத்துவிட்டுத் தனிப் பிரதியை அழித்துவிடலாம். மொத்த அளவு கூடப்போவதில்லை. எனவே வழக்கமான அளவுக் கட்டுப்பாட்டை அங்கே தளர்த்திவிடுவது கம்பைலர்களின் பொது வழக்கம். ஜிசிசி என்ற கம்பைலரில் இதற்கென்றே தனித் தெரிவு உண்டு, கிளாங் என்ற கம்பைலரின் அடித்தளமான எல்எல்விஎம்மில் கடைசி அழைப்புக்குப் பெரிய சலுகை மதிப்பெண் உண்டு. தர்க்கத்தில் பிழையே இல்லை. பேச்சுக்காரனான 'நிரப்பு' அப்படியே 'அடுத்தபைட்'டின் வீட்டுக்குள் குடியேறிவிட்டான்.

லினக்ஸில் 2009 முதல் அதன் மையமான கர்னலோடு சேர்ந்தே வரும் பெர்ஃப் என்ற கருவி இருக்கிறது. நேரம் எந்த இயந்திரக் கட்டளையில் கழிகிறது என்று வரி வரியாகச் சதவீதம் போட்டுக் காட்டும். அதைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு 'அடுத்தபைட்'டின் விரைவுப் பாதையில் 7 கட்டளைகள் இருந்தன: சுட்டியை எடு, முடிவோடு ஒப்பிடு, எட்டியிருந்தால் தாவு, பைட்டை எடு, சுட்டியைக் கூட்டு, திருப்பி வை, திரும்பு. இப்போது அந்த ஏழுக்கு முன்னால் ஒரு ஊர்வலம் நின்றது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டிச் சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களில் ஆறை, ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் தள்ளும் ஆறு 'புஷ்', ஆயிரத்துச் சொச்சம் பைட் இடம் ஒதுக்கும் ஒரு கழித்தல், தாங்கல் இருப்பதால் ஸ்டாக் பாதுகாப்புக்கென ஒரு காவல் மதிப்பை எடுத்து வைக்கும் இரண்டு கட்டளைகள். ஏழும் முடிந்தபின் அதே ஊர்வலம் தலைகீழாக: காவல் மதிப்பைச் சரிபார்த்தல், இடத்தை விடுவித்தல், ரிஜிஸ்டர்களை மீட்கும் ஆறு 'பாப்'. மொத்தம் 25. ஒரு பைட்டை எடுத்துக் கொடுக்க.

இந்த ஆறு எங்கிருந்து வந்தது? இன்டெல், ஏஎம்டி கணினிகளின் எக்ஸ்86-64 பிராசசரில் பொதுப் பயன்பாட்டு ரிஜிஸ்டர்கள் 16. லினக்ஸ் பின்பற்றும் அழைப்பு மரபுப்படி அவற்றில் ஆறை, அழைக்கப்படும் ஃபங்ஷன் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வந்தபோது இருந்தபடியே திருப்பித் தரவேண்டும். சின்ன 'அடுத்தபைட்'டுக்கு அந்த ஆறில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. செய்தி கட்டும் 'நிரப்பு'வுக்கு ஆறும் வேண்டும். இருவரும் ஒரே வீடு என்றானதும், வருடத்துக்கு ஒருமுறை வருபவரின் பெட்டி படுக்கையை வீட்டுக்காரர் ஒவ்வொரு நிமிடமும் இறக்கி ஏற்றவேண்டியதாயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது என்பார்களே, அதை இயந்திர மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஏற்றி இறக்கலை அபூர்வப் பாதைக்குள் மட்டும் ஒதுக்கித் தள்ளும் வித்தையும் கம்பைலருக்குத் தெரியும். ஷ்ரிங்க் ராப்பிங் என்று பெயர். என் நிரலில், நிரப்பியபின் மீண்டும் மேலே போய்ச் சோதிக்கும் லூப் இருந்தது. ரிஜிஸ்டர்களைக் காப்பாற்றும் வேலையை லூப்பின் நடுவில் வைக்க முடியாது என்பதால் அது லூப்புக்கு முன்னால், அதாவது ஃபங்ஷனின் வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு வசதி செய்த குளறுபடியை இன்னொரு வசதி சரிசெய்யும் என்று நம்பியிருப்பது எவ்வளவு மெல்லிய நூல் என்று அன்று பார்த்தேன்.

இன்னும் முடியவில்லை. முன்பு 'அடுத்தபைட்' சின்னதாக இருந்ததால், அதை அழைக்கும் 11 இடங்களிலும் அதுவே இன்லைன் ஆகிக்கொண்டிருந்தது. பல கம்பைலர்களில் இன்லைன் வேலை அடியிலிருந்து மேலே போகிறது: முதலில் பேரன் பிள்ளைக்குள், பிறகு பிள்ளை தகப்பனுக்குள். 'நிரப்பு' முதலில் 'அடுத்தபைட்'டுக்குள் போனான். அது ஊதிப்போனது. அதன்பின் 11 இடங்களிலும் வாசலில் நிறுத்தி அளந்து பார்த்த கம்பைலர், 'இவ்வளவு பெரியதை ஒட்டமுடியாது' என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஒட்டியிருக்கவேண்டியதை ஒட்டவில்லை, ஒட்டக்கூடாததை ஒட்டியது. இன்லைன் அதிகமானதால் இன்லைன் குறைந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் முதல் இரவில் நான் சிரித்திருப்பேன்.

என்னுடைய புகாரின் மையம் இதுதான். இந்த வசதி கேட்கும் கேள்வி, 'உள்ளே வருபவர் எவ்வளவு பெரியவர்?'. கேட்கவேண்டிய கேள்வி, 'இவர் வந்தபின் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?'. அளவுக்கு எண் இருக்கிறது, எண்ணிவிடலாம். வீட்டுக்காரரின் ரிஜிஸ்டர் நெருக்கடியை, அபூர்வம் எது அன்றாடம் எது என்பதை, நிரலின் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதனால் ஊகிக்கத்தான் முடியும். ரிஜிஸ்டர்களைப் பங்கிடும் வேலை கம்பைலருக்குள் வெகு நேரம் கழித்து நடக்கிறது. இன்லைன் முடிவு எடுக்கும்போது அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

அந்த அளவு எண்களை ஒரு பார்வை பாருங்கள், சுவாரசியமானவை. எல்எல்விஎம்மில் இயல்பான வரம்பு 225 என்ற ஒரு மதிப்பெண். ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டில் சாதாரண மெத்தடுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, 35 பைட் இடைநிலைக் கட்டளைகள், அடிக்கடி ஓடுவதற்கு 325. கோ மொழியில் 80 அலகு. ஜிசிசி தன் பத்தாம் பதிப்பில், 2020 இல், 'ஓ2' நிலையிலேயே, 'இன்லைன்' என்று எழுதாத ஃபங்ஷன்களையும், அளவு சற்றுக் கூடினாலும், தானாக ஒட்டத் தொடங்கியது. அதற்குமுன் அந்தத் தாராளம் 'ஓ3' க்குத்தான். இவை எல்லாம் பல நிரல்களை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த எண்கள், சராசரிக்கு நல்லவை. ஆனால் என் நிரல் சராசரி இல்லை. உங்களுடையதும் இருக்காது.

தீர்வு ஒரே வரி. 'நிரப்பு'வின் தலையில் 'நோஇன்லைன்' என்றும் 'கோல்டு' என்றும் இரண்டு அடையாளங்கள் எழுதினேன். முன்னது உள்ளே இழுக்காதே என்பது. பின்னது இது அபூர்வமாக ஓடுவது, இதற்கு அளவைச் சுருக்கினால் போதும், அன்றாடப் பாதையிலிருந்து தள்ளி வை என்பது. 5.9 விநாடி. பழைய 6.2 ஐ விடவும் குறைவு. எழுத்து வேலை பத்து விநாடி. எங்கே எழுதவேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு.

இதைக் கண்டபின் பழகிய கண்ணோடு மற்ற மூலைகளையும் தேடினேன். இரண்டாவது அகப்பட்டது ஒரு மர அமைப்பைத் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு இறங்கிப் படிக்கும் ஃபங்ஷனில். அதிலும் ஒரு பிழைச் செய்தி, அதிலும் 1,024 பைட் தாங்கல், அதுவும் உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. ஒரு படிக்கு 96 பைட் ஸ்டாக் பிடித்த ஃபங்ஷன் 1,136 பைட் பிடிக்கத் தொடங்கியது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் இடம் ஒதுக்கப்படும். ஒரு 4 கேபி நினைவகப் பக்கத்தில் 42 படிகள் அடங்கிய இடத்தில் இப்போது மூன்றரை. ஆழமான கோப்புகளில் ஓட்டம் தளர்ந்ததற்குக் காரணம் அந்தப் பக்கங்களைத் தொட்டுத் தொட்டு நடந்ததுதான். வேகத்தைவிட மோசமான ஆபத்தும் உண்டு. லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் 8 எம்பி ஸ்டாக்கில் ஏறத்தாழ 87,000 படி இறங்க முடிந்த நிரல், 7,400 ஐத் தொடுமுன்பே கவிழ்ந்துவிடும். லினக்ஸ் கர்னல்காரர்களுக்கு இது பழகிய தலைவலி. எக்ஸ்86-64 இல் அவர்களுக்குக் கிடைப்பதே 16 கேபி ஸ்டாக். அதனால் 'ஸ்டாக்கைக் காப்பாற்ற இன்லைன் வேண்டாம்' என்ற பொருளில் தனி அடையாளமே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நடை வழிகாட்டியில் 'இன்லைன் நோய்' என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி இருக்கிறது. மூன்று வரிக்கு மேற்பட்ட ஃபங்ஷனுக்கு இன்லைன் போடாதீர்கள் என்பது அங்கே சொல்லப்படும் கைக்கணக்கு.

மூன்றாவது, எல்லோரும் முதலில் சொல்லும் காரணம்: கட்டளைக் கேச், அதாவது கட்டளைகளைப் பிராசசர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன, வேகமான நினைவகம். அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எனக்கு அது மிக அரிதாகத்தான் நிஜக் குற்றவாளியாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு முறை, பல கிளைகளாகப் பிரியும் பெரிய 'ஸ்விட்ச்' கொண்ட ஒரு விதி இயக்கியில். 'ஓ3' போட்டதும் எல்லாக் கிளைகளிலும் எல்லாத் துணை ஃபங்ஷன்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. பெர்ஃப் சொன்ன கணக்கு வேடிக்கையாக இருந்தது: ஓடிய கட்டளைகள் 4 சதவீதம் குறைந்தன, நேரம் 9 சதவீதம் கூடியது. குறைவாக வேலை செய்து அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் திறமை மனிதர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். என் கணினியில் முதல் நிலைக் கட்டளைக் கேச் 32 கேபி, 64 பைட் வரிகளாக 512 வரிகள். அடிக்கடி ஓடும் சூடான பாதை அதைத் தாண்டிப்போனால் பிராசசரின் பின்பகுதி கையைக் கட்டிக்கொண்டு கட்டளை வரட்டும் என்று காத்திருக்கும். ஆப்பிள் எம்1 இன் வேகமான கோர்களில் இதே கேச் 192 கேபி. என் விதி இயக்கி அங்கே இந்த மூச்சுத்திணறலைக் காட்டாமலேயே போயிருக்கலாம். ஒரு கணினியில் அளந்துவிட்டு இன்லைனைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நானும் ஒரு கணினியில் அளந்தவன்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. உற்சாகத்தில் கண்ட இடமெல்லாம் 'நோஇன்லைன்' போட்டுக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் 2 சதவீத வேகம் கிடைத்தது. சோதனைக் கோப்பில் அந்த ஃபங்ஷன் ஓடவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அது சுருங்கியதால் பின்னால் இருந்த சூடான லூப் சில பைட் தள்ளி, கேச் வரியின் எல்லையில் நல்ல இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சூழல் மாறிகளின் நீளத்தை மாற்றினாலோ, கோப்புகளை இணைக்கும் வரிசையை மாற்றினாலோகூட வேகம் மாறும் என்று 2009 இலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 2 சதவீதத்தைக் கண்டு துள்ளுவதற்குமுன் பெர்ஃபில் கட்டளைகளைத் திறந்து பார்ப்பது நல்லது. நான் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

இனி, ஒரு பொருளை வாங்குபவர் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

கட்டுப்படுத்த முடியுமா? முடியும், ஆனால் கைப்பிடிகள் விசித்திரமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. 'இன்லைன்' என்ற சொல்லை எழுதினால் இன்லைன் ஆகும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். சி++ இல் இன்று அந்தச் சொல்லின் முதன்மையான பொருள், இந்த வரையறை பல கோப்புகளில் திரும்பத் திரும்ப வரலாம் என்ற அனுமதி. ஒட்டுவதைப் பொறுத்தவரை அது வெறும் பரிந்துரை, கம்பைலர் கேட்டுக்கொள்ளலாம், கேளாமலும் போகலாம். எழுதாவிட்டாலும் ஒட்டும். உண்மையான கட்டளைகள் 'ஆல்வேஸ் இன்லைன்', 'நோஇன்லைன்' என்ற இரண்டு நீட்டிப்பு அடையாளங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டும் புரிந்துகொள்கின்றன. முன்னதைக் கண்டால் எனக்குப் பயம். அதை எழுதுகிறவர் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று கம்பைலரிடம் எழுதிக் கொடுக்கிறார், இரண்டு வருடம் கழித்து அந்த ஃபங்ஷன் நாலு மடங்கு வளர்ந்தபின்பும் அந்தக் கையெழுத்து செல்லும். பின்னதைத் தாராளமாக எழுதலாம், பிழைச் செய்தி கட்டும் எந்த ஃபங்ஷனின் தலையிலும்.

வரம்பு எண்களை நாமே திருகலாமா? தெரிவுகள் இருக்கின்றன, திருகாதீர்கள். முழு நிரலுக்கும் ஒரே எண் என்பது முதலிலேயே இருந்த சிக்கல்தானே. நீங்கள் வேறொரு ஒரே எண்ணை வைத்து என்ன ஆகப்போகிறது?

என்ன செய்தது என்று சொல்லுமா? கேட்டால் சொல்லும். எந்தெந்த இடத்தில் ஒட்டினேன், எங்கே மறுத்தேன், ஏன் மறுத்தேன் என்று அறிக்கை தரும் தெரிவு ஜிசிசியிலும் கிளாங்கிலும் உண்டு. என் நிரலுக்குப் பல ஆயிரம் வரிகள் வந்தன, 'நிரப்பு' ஒட்டப்பட்ட வரியும் அதில் இருந்தது. அதனால் ஆறு புஷ் வந்தது என்று எந்த வரியும் சொல்லவில்லை. அதைக் கண்ணால் பார்க்க, நிரலை இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையக் கருவிதான் கைகொடுக்கிறது. 2012 இல் மேட் காட்பால்ட் தொடங்கியது. ஒரு சின்ன ஃபங்ஷனை ஒட்டிப் பார்த்து, மேலே புஷ் வரிசை நிற்கிறதா என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு நான் ஐந்து நட்சத்திரம் தருவேன், ஆனால் இன்று அதற்கு முறை இல்லை.

இன்னொரு சின்ன எரிச்சல். ஒட்டப்பட்ட ஃபங்ஷன் நேர அறிக்கையிலிருந்து பெயரிழந்து போய்விடுகிறது. 'நிரப்பு' எங்கே என்று பெர்ஃபில் தேடினேன், ஆளே இல்லை. பிழைத்திருத்தத் தகவலோடு தொகுத்து, இன்லைன் அடுக்குகளையும் விரித்துக் காட்டு என்று கேட்டபின்தான் அவன் முகம் தெரிந்தது.

புரொஃபைல் வழிகாட்டலோடு தொகுத்துப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நிரலை ஒருமுறை மாதிரித் தரவோடு ஓட்டி, எது எத்தனை முறை ஓடியது என்ற கணக்கைக் கம்பைலரிடம் கொடுத்தால், அது ஊகிப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது. என் அடையாளங்களை எல்லாம் நீக்கிவிட்டு அப்படித் தொகுத்தபோது 5.7 விநாடி வந்தது. 16,384 க்கும் 107 கோடிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வசதி மந்தமில்லை, தகவல்தான் இல்லாமல் தவித்திருக்கிறது. ஆனால் மாதிரித் தரவைப் பராமரிக்க வேண்டும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இரண்டு முறை தொகுக்க வேண்டும், மாதிரி பழசானால் முடிவும் பழசாகும். தனியாளாகப் பராமரிக்கும் நிரலுக்கு இரண்டு அடையாளச் சொற்கள் மலிவு என்று விட்டுவிட்டேன். குழுவாக இருப்பவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை.

ஆக, மூன்று நட்சத்திரங்கள். வேலையில் சுறுசுறுப்புக்கு ஒன்று, சின்ன ஃபங்ஷன்களில் காட்டும் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்று, சொன்னால் கேட்டுக்கொள்வதற்கு ஒன்று. கேட்காமலேயே ஆளைக் குடியேற்றியதற்கு ஒன்றும், குடியேற்றியதன் விலையை அறிக்கையில் எழுதாததற்கு ஒன்றும் பிடித்துக்கொண்டேன். 'சுத்தம் செய்தேன்' என்று எழுதியவனுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.

போன மாதம் இன்னொரு புதிய பதிப்பு வந்தது. ஆசை யாரை விட்டது, 'நிரப்பு'வின் தலையில் இருந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். 8.8 விநாடி. திரும்ப எழுதிவிட்டு, அதற்கு மேலே ஒரு கருத்து வரியும் சேர்த்திருக்கிறேன்: 'எடுக்கவேண்டாம். மூன்று பதிப்புகளில் அளந்தாயிற்று.' மூன்றை நான்காகத் திருத்த இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.